போர்க் ஏன் 26 வயசுல விட்டுட்டுப் போனாரு? ஒரு கட் கட்டுறவனோட நீளமான பதில்

கேட்ட கேள்வி இது: "பியோர்ன் போர்க் மெக்கன்ரோகிட்ட தோத்த அவமானம் தாங்காம 26 வயசுல டென்னிஸை விட்டு ஓடிட்டாருன்னு சொல்றாங்களே, உண்மையா? யூஎஸ் ஓபனும் ஜெயிக்கல, ஆஸ்திரேலியன் ஓபனும் ஜெயிக்கல, அந்த ஆளை ஏன் இன்னும் இவ்ளோ கொண்டாடுறாங்க?"

முதல் பாதிக்கு ஒரு வரில சொல்லிடுறேன். தோத்ததால போகலைங்க, தோத்தும் வலிக்கலையேன்னு தான் போனாரு. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, அவரே பின்னாடி பேட்டிகள்ல சொன்னது தான். ரெண்டாவது பாதிக்கு கொஞ்சம் நேரம் ஆகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

நான் யாருன்னா, முப்பது வருஷத்துக்கு மேல டென்னிஸ் பேட்டுக்கு கட் கட்டுறவன். (ராக்கெட்டுன்னு டிவில சொல்லுவாங்க, கோர்ட்ல எங்களுக்கு எப்பவும் பேட் தான். கட்டுன்னா அந்த நரம்பு, அந்தக் காலத்துல நிஜமாவே மாட்டுக் குடல்ல செஞ்சது.) பெருசா ஆடினவன் இல்ல. ஆனா போர்க் கிறுக்கு 14 வயசுல புடிச்சது, இன்னும் விடல.

1980 ஜூலை 5, சனிக்கிழமை. விம்பிள்டன் ஃபைனல், போர்க்கும் அமெரிக்காக்காரர் ஜான் மெக்கன்ரோவும். எங்க வீட்ல டிவி கிடையாது, இருந்திருந்தாலும் விம்பிள்டனை அன்னைக்கு இங்க எவன் காட்டினான். பெரியப்பா வீட்டு ரேடியோவுல பிபிசி ஷார்ட்வேவ். சாயங்காலம் ஆறரை மணிவாக்குல ஆரம்பிச்சது, சாப்பாடு முடிஞ்சு தெருவுல லைட்டெல்லாம் அணைஞ்சு பெரியம்மா ரெண்டு தடவை திட்டி, ராத்திரி பத்தரை மணி வரைக்கும் போச்சு. ஷார்ட்வேவ் தெரியும்ல, கமெண்ட்ரி கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி மேல வரும், உள்ள போகும். நாலாவது செட் டை-பிரேக்ல (6-6 ஆனா செட்டை முடிவு பண்ற கேம், ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வர்ற வரைக்கும் போகும்) 10-10ன்னு கேட்டுச்சு, அப்புறம் கொர்ர்ர், அண்ணன் முள்ளைத் திருப்புறான், திரும்ப சத்தம் வந்தா 15-15. நாங்க ரெண்டு பேரும் ஏதோ தப்பா கேட்டுட்டோம்னு தான் நெனச்சோம், டை-பிரேக் 7-லயே முடிஞ்சிடும்னு தான எங்களுக்குத் தெரியும். அதை மெக்கன்ரோ 18-16ன்னு எடுத்தாரு. மொத்தம் 34 பாயிண்ட். அந்த மேட்ச்ல போர்க் கையில 7 சாம்பியன்ஷிப் பாயிண்ட் (எடுத்தா கோப்பைங்கற பாயிண்ட்) வந்து போயிடுச்சு, ரெண்டு 5-4ல சர்வ் பண்றப்ப, அஞ்சு டை-பிரேக்ல. வேற யாரா இருந்தாலும் அதோட முடிஞ்சிருக்கும். இந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

முதல்ல ஆளோட ஊரு. ஸ்டாக்ஹோம்ல 1956 ஜூன் 6 பிறந்தாரு, வளர்ந்தது பக்கத்துல இருக்கற சோடர்டேல்யேங்கற தொழிற்சாலை ஊர்ல. (ஸ்வீடன்காரங்க அவர் பேரை 'போரி' மாதிரி சொல்லுவாங்க, நமக்கு போர்க்னே பழகிடுச்சு, விடுங்க.) அப்பா ரூனே டேபிள் டென்னிஸ் ஆடுறவரு. ஒரு போட்டில ஜெயிச்சதுக்குப் பரிசா டென்னிஸ் பேட் ஒண்ணு கிடைச்சுது, அதைப் பையன் கையில குடுத்தாரு. அவ்ளோ தாங்க ஆரம்பம். வீட்டு பக்கத்துல கராஜ் கதவு, அதுல மணிக்கணக்கா பந்தை அடிக்கிறது. ஸ்வீடனுக்கும் அமெரிக்காவுக்கும் டேவிஸ் கப் நடக்கிற மாதிரி மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு, கதவு அமெரிக்கா, இவரு ஸ்வீடன். நம்ம பசங்க சுவத்துல கரிக்கட்டையால ஸ்டம்ப் போட்டு சேப்பாக்கம்னு நெனச்சுக்கறதில்லையா, அதே தான்.

ஐஸ் ஹாக்கியும் ஆடினாரு. அந்த மட்டையைப் பிடிக்கிற மாதிரியே ரெண்டு கையாலயும் பேக்ஹேண்ட் அடிச்சாரு. அப்போ அது பாடப்புத்தகத்துல இல்லாத அடி. பெர்சி ரோஸ்பெர்க்னு ஒரு கோச், சின்ன வயசுல இவரைப் பாத்தவரு, இதை மாத்தாம விட்டுட்டாரு. அதே ரோஸ்பெர்க் தான் பின்னாடி ஸ்டெஃபான் எட்பெர்க்கை ரெண்டு கையில இருந்து ஒத்தைக் கைக்கு மாத்தினவரு! ரெண்டு பேரும் விம்பிள்டன் சாம்பியன். நல்ல கோச்சுன்னா யாரு, எதைத் தொடணும் எதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சவன் தான்னு எங்க கிளப்ல பெற்றோருங்க வந்து 'சார் இவன் ஸ்டைலை மாத்துங்க'ன்னு கேக்கறப்பல்லாம் இந்தக் கதையைத் தான் எடுத்து விடுவேன்.

அடுத்தது 'ஐஸ்மேன்', 'பனிக்கட்டி போர்க்'ங்கற பட்டம். பிறவிலயே அமைதியான மனுஷன்னு எல்லாரும் நம்பிட்டு இருக்காங்க. சுத்தமா இல்லைங்க. சின்ன வயசுல பேட்டை வீசுறது, கத்துறது, ஏமாத்துறது எல்லாம் உண்டு. 12 வயசுவாக்குல கிளப்பே சஸ்பெண்ட் பண்ணி வெளிய அனுப்பிடுச்சு. திரும்பி வந்தப்புறம் கோர்ட்ல வாயைத் திறக்கல. கோவம் போயிடுச்சுன்னு இல்ல, உள்ளயே வெச்சு மூடிட்டாரு, அவ்ளோ தான். அவரோட மொத்தக் கதையும் எனக்கு இதுல தான் இருக்கு, மூடி வெச்சது எவ்ளோ நாள் தாங்கும்.

15 வயசுல டேவிஸ் கப். 1972, நியூசிலாந்துக்கு எதிரா. கேப்டன் லென்னார்ட் பெர்கெலின் ஒரு பள்ளிக்கூடப் பையனை எறக்குறாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க, பையன் ஓனி பாருன்னை அஞ்சு செட்ல அடிச்சிட்டான். அதே வருஷம் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1973ல பெரிய ஆளுங்க நெறைய பேரு நிக்கோலா பிலிச்சை தடை பண்ண பிரச்சனையில விம்பிள்டனை பாய்காட் பண்ணாங்க, இவரு ஆடினாரு, காலிறுதி வரைக்கும் போனாரு. அந்த ரெண்டு வாரத்துல தான் லண்டன் பள்ளிக்கூடப் பொண்ணுங்க கூட்டம் கூட்டமா இவரு பின்னாடி ஓட ஆரம்பிச்சாங்க, போலீஸ் கூட்டிட்டுப் போற அளவுக்கு. டென்னிஸ் பிளேயருக்கு இப்படி ஒரு சினிமா ஸ்டார் கூட்டம் அதுக்கு முன்னாடி வந்ததில்ல. 1974ல 18 வயசு முடிஞ்ச பத்தாவது நாள் பிரெஞ்ச் ஓபன் ஃபைனல், ஸ்பெயின்காரர் ஓரான்டெஸ்கிட்ட முதல் ரெண்டு செட் போயி, மிச்ச மூணு செட்ல மொத்தமே ரெண்டு கேம் தான் விட்டாரு. 6-0, 6-1, 6-1.

இப்ப என் ஏரியாவுக்கு வரேன், கட்.

அந்தக் காலத்து மர பேட் எப்படி இருக்கும்னு இப்ப இருக்கறவங்களுக்குத் தெரியாது. முகம் சின்னது, எடை ஜாஸ்தி, மழைக்காலத்துல வெளிய வெச்சா கோணிக்கும், அதனால நாலு மூலையிலயும் திருகு வெச்ச ஒரு மரச்சட்டத்துல போட்டு இறுக்கி வெப்போம், பிரஸ்னு பேரு. அதுக்கு சாதாரணமா 50, 55 பவுண்டு டென்ஷன்ல கட்டுவோம். போர்க் பேட் கிட்டத்தட்ட 80 பவுண்டு! பலகை மாதிரி இருக்கும். கொஞ்சம் நடுவுல படாம விலகிப் பட்டாலும் பந்து வெளிய. இவ்ளோ இறுக்குனா மரம் தாங்காது, ராத்திரி ஹோட்டல் ரூம்ல பையில இருக்கற பேட்ல கட் தானா டொப்பு டொப்புன்னு அறுந்து விழுமாம். பெரிய போட்டிக்குப் போறப்ப டஜன் கணக்குல பேட்டு போகும். அந்த டேவிஸ் கப் கேப்டன் பெர்கெலின் தான் அவரு கோச், ஒவ்வொண்ணா தட்டித் தட்டி சத்தத்தைக் கேட்டு, இது இறுக்கம் இது லூஸுன்னு பிரிச்சு வரிசையா வெப்பாரு, மிருதங்கத்துக்கு சுதி பாக்குற மாதிரி.

ஒரு தடவை ஒருத்தரு அவங்க அப்பாவோட பழைய மர பேட்டைக் கொண்டு வந்தாரு. ஷோ கேஸ்ல வெக்கப் போறேன், ஆனா போர்க் மாதிரியே கட்டிக் குடுங்கன்னாரு. சார் வேணாம்னேன். கேக்கல. சரின்னு 80க்குப் போகாம 65ல வெச்சேன். மெயின் (நீளவாட்டு நரம்பு) எல்லாம் போட்டாச்சு, க்ராஸ் (குறுக்கு நரம்பு) பாதி வந்தாச்சு, கிளாம்பை நகர்த்துறேன், தேங்கா ஒடைக்கிற மாதிரி ஒரு சத்தம். தொண்டைப் பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், பாத்துட்டு இருக்கறப்பவே நீளுது. அவரு முகத்தைப் பாக்க முடியல எனக்கு, காசும் வாங்கல. அன்னைக்குத் தான் புரிஞ்சுது, 80ல ஒரு மனுஷன் அஞ்சு மணி நேரம் ஆடினான்னா அவன் மணிக்கட்டு எதுல செஞ்சிருக்கணும்னு.

ஏன் அவ்ளோ இறுக்கம்னு கேட்டா, அவரோட அடி அப்படி. கீழ இருந்து மேல இழுத்து, பந்தை மேல் பக்கமா உருட்டி விடுவாரு, டாப்ஸ்பின். வேகம் முழுக்க கையில இருந்து வருது, பேட்ல இருந்து வேணாம், கன்ட்ரோல் மட்டும் போதும். நெட்டுக்கு மேல நல்ல உயரத்துல போயி கடைசில பொத்துன்னு கோட்டுக்குள்ள விழும். எதிராளி நெட்டுக்கு வந்தா அவன் காலடில விழும். அவருக்கு முன்னாடி இப்படி அடிச்சா கை போயிடும், புல்லுல வேலைக்கே ஆகாதுன்னு தான் பெரியவங்க எல்லாம் சொல்லிட்டு இருந்தாங்க. களிமண்ல ஓகே, விம்பிள்டன்ல பாக்கலாம்னாங்க.

பாத்தாங்க. 1976ல ஒரு செட் கூட விடாம விம்பிள்டன், ஃபைனல்ல நஸ்டாசே. அதுவும் வயித்து தசை பிடிப்போட, ஊசி போட்டுக்கிட்டு. அங்கிருந்து அஞ்சு வருஷம் வரிசையா, 76, 77, 78, 79, 80. எல்லாரும் இதை ஏதோ சாலையில ரோலர் ஓட்டின மாதிரி சொல்லுவாங்க, ஆனா 76க்கு அப்புறம் மூணு வருஷம் முதல் வாரத்துல செத்துப் பொழைச்சிருக்காரு. புல்லு அப்ப ஈரமா வழுக்கும், பந்து மேலயே வராது, இவரு ஆட்டம் செட் ஆக நாலஞ்சு நாள் புடிக்கும். 77 ரெண்டாவது ரவுண்டுல மார்க் எட்மண்ட்ஸன்கிட்ட ரெண்டு செட் பின்னாடி இருந்து வந்தாரு. 78 முதல் ரவுண்டுல விக்டர் அமயான்னு ஒரு ரெண்டு மீட்டர் உயர ஆளு, அஞ்சு செட்.

79 ரெண்டாவது ரவுண்டு நம்மாளு. விஜய் அமிர்தராஜ். இதைச் சொல்லாம இந்தப் பதிலை முடிச்சா என்னை மெட்ராஸ்ல சேத்துக்க மாட்டாங்க. விஜய் ஏற்கனவே 1974 யூஎஸ் ஓபன்ல போர்க்கை அஞ்சு செட்ல வீட்டுக்கு அனுப்பினவரு. டென்னிஸோட ஏபிசின்னா அமிர்தராஜ், போர்க், கானர்ஸ்னு அந்த டைம்ல எழுதினாங்க, பி-யும் சி-யும் போன தூரத்துக்கு ஏ போகலன்னாலும். 79ல விஜய் 6-2, 4-6, 6-4ன்னு ரெண்டு செட்டுக்கு ஒண்ணு மேல. நாலாவது செட் டை-பிரேக் வரைக்கும் இழுத்துச்சு, அதை போர்க் எடுத்தாரு, அஞ்சாவது 6-2. அந்த டை-பிரேக் மட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தா அஞ்சு நாலா ஆயிருக்கும். எங்க கோர்ட்ல பெருசுங்க உக்காந்தா இன்னமும் அந்த மேட்சை நேத்து நடந்த மாதிரி ஆடுவாங்க, ஒவ்வொரு தடவையும் விஜய் இன்னும் கொஞ்சம் ஜெயிக்கிறாரு.

இந்த விம்பிள்டன்ல ஜெயிக்கிறதை விட பெரிய விஷயம் எதுன்னா, ரெண்டு வாரம் முன்னாடி பாரிஸ் களிமண்ல ஜெயிச்சிட்டு வந்து இங்க ஜெயிக்கிறது. களிமண்ல வழுக்கிக்கிட்டே போய் அடிக்கணும், பந்து மெதுவா நெஞ்சு உயரத்துக்கு வரும். புல்லுல வழுக்கினா விழுந்துடுவ, பந்து முட்டிக்குக் கீழ சறுக்கிட்டுப் போகும். ரெண்டும் ரெண்டு வேற விளையாட்டு. போர்க் என்ன பண்ணுவாருன்னா பாரிஸ் முடிஞ்ச கையோட லண்டன் ஹேம்ப்ஸ்டெட்ல கம்பர்லேண்ட் கிளப்னு ஒண்ணுல வந்து உக்காந்துடுவாரு, தினம் மணிக்கணக்கா பிராக்டிஸ், கூட ஆடுறது அவரு ஃப்ரெண்டு ஜெருலைட்டிஸ். பாரிஸ்ல பின்னாடியே நின்னு ஆடுற மனுஷன் இங்க முதல் சர்வீஸுக்கு நெட்டுக்கு ஓடுவாரு. தாடியை ஷேவ் பண்ண மாட்டாரு, அது ராசி. இப்படி பாரிஸும் விம்பிள்டனும் ஒரே வருஷத்துல, 78, 79, 80ன்னு மூணு வருஷம் தொடர்ந்து. அவருக்கு அப்புறம் ஒரே வருஷத்துல ரெண்டும் ஜெயிச்சவங்க நடால், ஃபெடரர், ஜோகோவிச், அல்கரஸ். மூணு வருஷம் வரிசையா இது வரைக்கும் எவனும் பண்ணல. இத்தனைக்கும் இப்ப விம்பிள்டன் புல்லு அப்ப இருந்ததை விட மெதுவா, பந்து நல்லா எழும்புற மாதிரி மாத்திட்டாங்க, நடுவுல ஒரு வாரம் கூடுதலா கேப்பும் குடுத்துட்டாங்க.

சரி, 1980 ஃபைனல். 18-16 போச்சுன்னு சொன்னேன்ல. சேர்ல உக்காந்தப்ப இந்த மேட்ச் போச்சுன்னு தான் நெனச்சாராம், அவரே பின்னாடி சொன்னாரு. அஞ்சாவது செட் முதல் கேம், அவர் சர்வீஸ், 0-30. அதுக்கு அப்புறம் அந்த செட் முழுக்க அவர் சர்வீஸ்ல ஒரே ஒரு பாயிண்ட் தான் விட்டாருங்க! ஒண்ணே ஒண்ணு! எதிர்ல நிக்கிறது ஜான் மெக்கன்ரோ, 21 வயசு, உயிரோட இருக்கறதுலயே நல்ல கை. 8-6. கடைசி பாயிண்ட்ல பேக்ஹேண்ட் பாஸிங் ஷாட், அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டாரு.

அதுக்கு சரியா ஒரு வருஷம் கழிச்சு கதை திரும்புச்சு. 1981ல பாரிஸ்ல லெண்டிலை அடிச்சு ஆறாவது பிரெஞ்ச் ஓபன், அது தான் கடைசின்னு அப்ப யாருக்குத் தெரியும். விம்பிள்டன் ஃபைனல்ல மெக்கன்ரோ நாலு செட்ல ஜெயிச்சாரு, தொடர்ந்து 41 மேட்ச் ஜெயிச்சிட்டு வந்த ஓட்டம் அங்க நின்னுச்சு. தோத்துட்டு லாக்கர் ரூமுக்குள்ள வந்தா ஒண்ணும் தோணலையாம். அழுகையும் வரல கோவமும் வரல. தோல்வி அவரைப் பாதிக்கல, தனக்கு வலிக்கலைங்கறது தான் பாதிச்சுது. சின்ன வயசுல தோத்தா பேட்டை ஒடைக்கிற பையன் இவரு.

செப்டம்பர்ல யூஎஸ் ஓபன் ஃபைனல், திரும்ப மெக்கன்ரோ, திரும்ப நாலு செட். கொலை மிரட்டல் ஃபோன் வேற வந்திருந்துச்சு அந்த டோர்னமெண்ட்ல. மேட்ச் முடிஞ்சுது, கை குடுத்தாரு, பரிசளிப்புக்கு எல்லாம் ரெடி பண்ணிட்டு இருக்காங்க, மனுஷன் நிக்கல, நேரா உள்ள போயி, போலீஸோட, கார்ல ஏறிப் போயிட்டாரு. இந்தக் காட்சியை வெச்சுத் தான் 'அவமானத்துல ஓடிட்டாரு' கதை. மிரட்டலுக்குப் பயந்து போனாருன்னும் சொல்லுவாங்க. எனக்கு ரெண்டும் முழுசா ஒப்பல. ரெண்டு மாசம் முன்னாடியே மனசு கிளம்பிடுச்சு, உடம்பு அன்னைக்கு கிளம்புச்சு.

இன்னொரு காரணம் இருக்கு, இதை நெறைய பேரு விட்டுடுவாங்க, ரூல். அப்ப ஆண்கள் டென்னிஸை நடத்துன கவுன்சில் ஒரு விதி போட்டுச்சு, வருஷத்துக்கு குறைஞ்சது 10 கிராண்ட் ப்ரீ (அந்தக் காலத்து டென்னிஸ் தொடர்) டோர்னமெண்ட் ஆடறேன்னு எழுதிக் குடுக்கணும், இல்லாட்டி எங்க போனாலும் குவாலிஃபையிங் ரவுண்டு, அதாவது தகுதிச் சுற்று, ஆடித் தான் உள்ள வரணும். சின்ன வயசுல இருந்து ஓயாம ஆடின ஆளு, 82ல கொஞ்சம் குறைச்சுக்கறேன்னாரு. முடியாதுன்னுட்டாங்க. அஞ்சு தடவை விம்பிள்டன் ஜெயிச்சவன் குவாலிஃபையிங் ஆடணுமாம், நல்லா இருக்கு நியாயம்! 82ல மான்டி கார்லோவுல போயி ஆடியும் காட்டினாரு, குவாலிஃபை ஆகி காலிறுதில நோவாகிட்ட தோத்தாரு. விம்பிள்டனுக்கு அந்த வருஷம் போகவே இல்ல. 1983 ஜனவரில முடிச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு. கணக்குப்படி 26 வயசு. அந்த விதி இல்லைன்னா இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருப்பாருன்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு நம்பிக்கை இல்ல. மனசு இருந்திருந்தா பத்து என்ன, பதினஞ்சு ஆடியிருப்பாரு.

மெக்கன்ரோவுக்குப் பயந்தாருன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு கணக்கு, ரெண்டு பேரும் 14 தடவை மோதினாங்க, 7-7. அதுல ஒண்ணு கூட களிமண்ல இல்ல. களிமண்ல நாலு தடவை மோதியிருந்தா அந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். மெக்கன்ரோவே போர்க் போனப்புறம் தனக்குள்ள ஏதோ காலியாயிடுச்சுன்னு தான் சொல்லுவாரு, திரும்ப வாங்கன்னு கேட்டுப் பாத்தவரும் அவரு தான்.

யூஎஸ் ஓபன் விஷயம். நாலு ஃபைனல், நாலும் தோல்வி, 76லயும் 78லயும் கானர்ஸ், 80, 81 மெக்கன்ரோ. இதுக்கு சாக்கு சொல்ல மாட்டேன், ஓட்டை ஓட்டை தான். ஒண்ணு மட்டும் பாருங்க, 76ல யூஎஸ் ஓபன் ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல பச்சைக் களிமண்ல நடந்துச்சு, அவருக்குன்னே போட்ட கோர்ட்டு மாதிரி. மூணாவது செட் டை-பிரேக்ல நாலு செட் பாயிண்ட் வெச்சிருந்தாரு, கானர்ஸ் 11-9ன்னு பிடுங்கிட்டாரு. அது தான் கதவு, அன்னைக்கு திறக்கல, அடுத்து திறக்கவே இல்ல. 78ல இருந்து ஃப்ளஷிங் மெடோஸ் சிமெண்ட் கோர்ட்டு, ராத்திரி லைட்டு, தலைக்கு மேல விமானம். 78 ஃபைனல்ல கட்டை விரல்ல கொப்புளம் வேற. 79 காலிறுதில ராஸ்கோ டானர், ராத்திரி மேட்ச், டானர் அடிச்ச ஒரு சர்வீஸ்ல நெட்டே அறுந்து தொங்கிடுச்சு. லைட்டுல பந்து சரியாத் தெரியலன்னு போர்க்குக்கு எப்பவும் ஒரு மனக்குறை உண்டு.

ஆஸ்திரேலியன் ஓபன் வேற மாதிரி. அப்ப அது கிறிஸ்துமஸ் சமயத்துல நடக்கும், பெரிய ஆளுங்க பாதிப் பேரு போகவே மாட்டாங்க, இன்னைக்கு இருக்கற மதிப்பை வெச்சு அன்னைக்கைக் கணக்குப் போடக் கூடாது. போர்க் 1974ல ஒரே ஒரு தடவை போனாரு, மூணாவது ரவுண்டுல ஃபில் டெண்ட்கிட்ட தோத்தாரு. அதுக்கு அப்புறம் மத்த மூணும் ஒரே வருஷத்துல ஜெயிச்சா நாலாவதுக்குப் போறேன்னு இருந்தாரு. நியூயார்க் விடல, மெல்போர்னுக்கு வேலை வரல.

ஆடின கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலியன், பிரெஞ்ச், விம்பிள்டன், யூஎஸ்னு அந்த நாலு பெரிய போட்டி) மொத்தமே 27, அதுல 11 ஜெயிச்சாரு. பிரெஞ்ச் ஓபன்ல 49 மேட்ச் ஜெயிச்சு 2 தோல்வி, ரெண்டும் ஒரே ஆளு, இத்தாலிக்காரர் பனாட்டா. விம்பிள்டன்ல 51 ஜெயிச்சு 4 தோல்வி. இதெல்லாம் 25 வயசுக்குள்ள. ஜோகோவிச் 24, நடால் 22ன்னு பக்கத்துல வெச்சு எண்ணிக்கையில பேசினா 11 சின்னதாத் தான் தெரியும். அவங்க எல்லாம் முப்பதைத் தாண்டி எவ்ளோ ஜெயிச்சாங்கன்னு எண்ணிட்டு அப்புறம் பேசலாம்.

எண்ணிக்கையை விட ஆட்டத்தை மாத்தினது தான் பெருசு. இன்னைக்கு உங்க தெரு முனை கோச்சிங் சென்டர்ல எட்டு வயசுப் புள்ளை ரெண்டு கையால பேக்ஹேண்ட் அடிக்குது, பந்தைக் கீழ இருந்து மேல இழுக்குது, பின்னாடியே நின்னு ஜெயிக்கலாம்னு நெனைக்குது, இது எல்லாம் எங்க இருந்து வந்துச்சு? ரெண்டு கைக்கு கானர்ஸும் எவர்ட்டும் கூட காரணம் தான், ஆனா அந்த உருட்டல் போர்க்கோடது. கூடவே ஊர் ஊரா வர்ற கோச், அதுவும் பெர்கெலின் மாதிரி. அவரு சாதா கோச் இல்ல, மசாஜ் பண்ணுவாரு, ஃபோன் எடுப்பாரு, பேட்டு தட்டிப் பாப்பாரு. அப்ப மத்தவங்க எல்லாம் தனியா பையைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க, இப்ப நூறாவது ரேங்க் பையன் கூட கோச் இல்லாம வர்றதில்ல.

ஸ்வீடனைப் பாருங்க. பாதி வருஷம் பனி, சென்னை மாநகரத்துல இருக்கற அளவு ஜனம் தான் மொத்த நாட்டுலயும். இவரு 75ல டேவிஸ் கப் வாங்கிக் குடுத்தாரு. இவரு விட்ட 82லயே பாரிஸ்ல 17 வயசு மாட்ஸ் விலாண்டர் ஜெயிக்கிறாரு, பின்னாடியே எட்பெர்க், யாரிட், நிஸ்ட்ரோம்னு வரிசை. 1987 டேவிஸ் கப் ஃபைனல்ல நம்ம விஜய்யும் ரமேஷ் கிருஷ்ணனும் போய் நின்னது அந்த ஸ்வீடன் முன்னாடி தான், கோத்தன்பர்க்ல, உள்ளரங்கத்துல களிமண்ணைக் கொட்டி வெச்சிருந்தாங்க, நம்மாளுங்களுக்குப் புல்லுன்னா உசுருன்னு தெரிஞ்சே. 5-0. அங்க ஆடின பசங்க எல்லாம் போர்க்கை டிவில பாத்து கராஜ் கதவுல அடிச்சு வளர்ந்தவங்க.

விட்டுட்டுப் போனப்புறம் வாழ்க்கை நல்லா போகல, அதையும் மறைக்க வேணாம். பிசினஸ் கம்பெனி திவால். கல்யாணம் முறிஞ்சுது. போதைப் பழக்கம், மாத்திரை அளவு மீறி ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் 2025ல வந்த சுயசரிதையில அவரே சொல்லிட்டாரு, புரோஸ்டேட் கேன்சர் வந்து ஆபரேஷன் பண்ணதையும். இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷன். 1991ல மான்டி கார்லோவுல திரும்பி வந்தாரு, எல்லாரும் கிராஃபைட் பேட்டோட நிக்கறப்ப கையில மர பேட்! அர்ரேஸேங்கற ஸ்பெயின்காரர் 6-2, 6-3ன்னு முடிச்சு அனுப்பிட்டாரு. அப்புறம் பேட்டை மாத்தியும் 93 வரைக்கும் ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. கேலி பண்ணாங்க. எனக்கு அந்த போட்டோவைப் பாத்தா இன்னமும் வயித்தைப் பிசையும், கட் கட்டுறவனுக்கு அந்த மரம் என்னன்னு தெரியும்ல.

2006ல பணத்தேவைக்காக அஞ்சு விம்பிள்டன் கோப்பையையும் ரெண்டு பேட்டையும் லண்டன்ல ஏலத்துக்குக் குடுத்துட்டாரு. விஷயம் வெளிய வந்ததும் ஃபோன் போட்டு, உனக்கு என்ன பைத்தியமான்னு கேட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? மெக்கன்ரோ. கானர்ஸ் கூட பேசினாரு. கோப்பை ஏலத்துக்குப் போகாம வீட்டுக்குத் திரும்புச்சு. அப்புறம் லேவர் கப்ல (ஐரோப்பா அணியும் மத்த நாட்டு அணியும் மோதுறது) வருஷக்கணக்கா ஒரு பக்கம் போர்க் கேப்டன், எதிர்ப்பக்கம் மெக்கன்ரோ கேப்டன், அதே மாதிரி இவரு பேசாம உக்காந்திருப்பாரு, அவரு வாயை மூட மாட்டாரு.

எதைப் பாக்கறதுன்னு கேட்டீங்கன்னா ஹைலைட்ஸ் பாக்காதீங்க, அதுல டை-பிரேக்கை மட்டும் போட்டு முடிச்சிடுவாங்க. 1980 ஃபைனலை முழுசா தேடிப் போடுங்க, 3 மணி 53 நிமிஷம். நான் அதைக் கண்ணால பாத்தது ரேடியோவுல கேட்டு பல வருஷம் கழிச்சு ஒரு வீடியோ கேசட்ல தான், ஃபிலிம் சுருங்கி கோடு கோடா இருந்துச்சு. டை-பிரேக் முடிஞ்சதும் ரிமோட்டைத் தொடாதீங்க. அஞ்சாவது செட் முதல் கேம், 0-30, அடுத்த சர்வீஸுக்கு முன்னாடி பந்தைத் தரையில தட்டிட்டு நிக்கறாரு பாருங்க, அங்க நிறுத்தி முகத்தைப் பாருங்க. அப்புறம் வந்து சொல்லுங்க, அது ஐஸா இல்லையான்னு.